நூற்றுக்கு இரண்டு

அக்டோபர் 1

ஆபீஸுக்கு எழுதும் டைரி வேறு, இது வேறு. அதில் வீட்டு எண்ணுக்கும் புழு கண்ட பாத்திரத்துக்கும் கட்டம் உண்டு. வயிற்றெரிச்சலை எழுதக் கட்டம் கிடையாது.

காலை ஏழு மணிக்கு நகராட்சி வாசலில் எங்கள் பன்னிரண்டு பேரையும் நிற்க வைத்து, மேற்பார்வையாளர் குத்தாலிங்கம் ஒரு காகிதத்தை வாசித்தார். கொசு ஒழிப்புக்கு வருகிற நிதியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். பதினேழாம் வார்டுக்கு இனிமேல் ஆறு பேர் போதுமாம். இங்கே நூறு வீட்டுக்கு இரண்டு வீட்டில்தான் கொசுப்புழு இருக்கிறது, நோயே இல்லாத இடத்தில் இத்தனை ஆள் எதற்கு என்று மேலே கேட்டார்களாம்.

அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். குத்தாலிங்கத்துக்கும் தெரியும். போன வருஷம் உள்ளதை உள்ளபடி பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தோம். மீட்டிங்கில் அவரை எழுப்பி நிற்க வைத்து ஏசிவிட்டார்கள். அன்றிலிருந்து ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்பது வாய்வழி உத்தரவு. நாங்களும் மூன்று என்றோம், இரண்டு என்றோம். நல்ல வார்டு என்று பெயர் வாங்கினோம். நல்ல வார்டு என்பதால்தான் இப்போது ஆறு பேருக்குச் சோறு போயிற்று.

போன ஆறு பேரில் ஞானசெல்வியும் ஒருத்தி. எட்டு வருஷம் என்னோடு ஜோடியாகத் தெருத்தெருவாக நடந்தவள். தொட்டிக்குள் டார்ச் அடித்தால் நான் இரண்டு தரம் பார்க்க வேண்டும், அவளுக்கு ஒரு தரம் போதும். அவளை அனுப்பிவிட்டு என்னை வைத்துக்கொண்டார்கள். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதாம், வார்டு படிவம் எழுத ஆள் வேண்டுமாம். ஞானம் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். டார்ச்சையும் நீலக் கோட்டையும் மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பாராமல் போய்விட்டாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்னத்தைச் சொல்ல.

அக்டோபர் 4

நேற்றுவரை ஐம்பது வீடு, இன்று நூறு. குத்தாலிங்கத்துக்குக் கணக்கு ரொம்ப லேசு, ஆள் பாதி என்றால் வீடு இரட்டிப்பு. என் முழங்காலிடம் யார் கேட்டார்கள்.

இந்த ஊரில் ஒன்பது நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். அண்டா, டிரம், சிமெண்டுத் தொட்டி, குழந்தை குளிக்கிற பேசின்வரை பிடித்து வைப்பார்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தெளிந்த தண்ணீர்தான் சொர்க்கம். புழு இருக்கிறது, கொட்டிக் கழுவுங்கள் என்று நான் சொன்னால் சண்டைக்கு வராமல் என்ன செய்வார்கள்? இன்று ஒரு அம்மா டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கொட்டிவிட்டால் ஆறு நாளைக்கு நீயா குடம் சுமந்து தருவாய் என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. முன்பெல்லாம் ஞானம் இந்த மாதிரி வீட்டில் உட்கார்ந்து, துணியால் வடிகட்டிக் கொடுத்து, தொட்டியைத் தானே தேய்த்துக் கழுவி, தண்ணீரை மறுபடி ஊற்றிவிட்டு வருவாள். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம். இப்போது எனக்கு ஒரு வீட்டுக்கு நாலு நிமிஷம்.

அக்டோபர் 9

தீப்பெட்டி ஆபீஸ் தெரு. முன்பு ஞானமும் நானும் சேர்ந்து பார்த்த தெரு, இப்போது என் ஒருத்தி தலையில். அறுபத்து நாலு வீடு. ஞானம் குடியிருப்பதும் அதில்தான்.

அவள் வீடு பூட்டியிருந்தது. கதவில் ஒட்டியிருக்கும் கார்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலம் திரும்பப் போக வேண்டும் என்பது விதி. சாயங்காலம் கால் வீங்கிவிட்டது.

அக்டோபர் 16

விடாத மழை. தீப்பெட்டி ஆபீஸ் தெரு முடித்தேன். ஞானம் வீடு இன்றும் பூட்டு. உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீடாக இருக்கும்.

அக்டோபர் 19

தொட்டியில் ஊற்றுகிற மருந்து தீர்ந்து நாலு நாள் ஆகிறது. கேட்டால் நிதி வரவேண்டுமாம். ஆனால் நோட்டீஸ் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருக்கிறது. காக்கா அளவில் ஒரு கொசு, மேலே கட்டை விரல் உயர்த்திச் சிரிக்கிற குடும்பம். வீட்டுக்கு ஒன்று கொடுத்து, கொடுத்ததைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு பாட்டையா அதை வாங்கி, நான் தெரு முனை திரும்புவதற்குள் வடைக்கு அடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அக்டோபர் 23

ஞானம் வீடும் பார்த்தாயிற்று.

ராத்திரிச் சமையல் முடித்து வார்டு படிவம் எழுதினேன். என் வீட்டுக்காரர் லோடு இறக்கும்போது முதுகு உடைந்த நாளிலிருந்து கட்டிலில்தான். இப்படி ஒரே வீச்சில் எழுதுகிறாயே, எல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். சிரித்துவிட்டேன். இதற்கு ஞாபகம் எதற்கு? சும்மா எல்லாத் தெருவுக்கும் இரண்டு இரண்டு என்று போட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஒரு தெருவுக்கு ஒன்று, அடுத்ததற்கு நாலு, ஒன்றுக்குப் பூஜ்யம், பூஜ்யம் போட்ட தெருவுக்கு அடுத்த வாரம் மூன்று. கூட்டி வகுத்தால் நூற்றுக்கு இரண்டு வரும். இந்த வித்தையைக் குத்தாலிங்கத்துக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மற்ற வார்டுக்காரிகள் என்னிடம் வந்து கேட்டுப் போனார்கள். அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்டோபர் 27

தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் ஏழு வீட்டில் காய்ச்சல். மழைக்கு வரும், போகும் என்கிறார்கள்.

அக்டோபர் 29

ஞானத்தின் மகள் பியூலாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. முட்டுக்கு முட்டு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்துவிட்டாளாம். அடுத்த வீட்டு அம்மா சொன்னாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நூறு வீடு கிடந்தது.

அக்டோபர் 31

பியூலாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். தெருவே சந்தோஷப்பட்டது. எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. எட்டு வருஷமாக வீடு வீடாக நாங்கள் சொன்ன பாடம்தானே இது, டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கும் என்று. ஞானத்துக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? மத்தியானமே ஆட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். பிளேட்லெட் என்கிற ரத்தத்தட்டு நாற்பத்தெட்டாயிரம். ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது.

நேரே குத்தாலிங்கத்திடம் போனேன். பத்துக்கு மேல் போகிற வார்டுக்கு உடனே காய்ச்சல் முகாம், மருந்து, முப்பது ஆள் என்று மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, நம் வார்டுக்கும் கேளுங்கள் என்றேன். நம் வார்டு இரண்டில் இருக்கிறதே, எப்படிக் கேட்க என்றார். உண்மையை எழுதுகிறேன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"ஏம்மா முப்பிடாதி, போன வாரம் ரெண்டு, இந்த வாரம் முப்பதுன்னா புழு என்ன பஸ் புடிச்சா வந்துச்சு? படிவத்துல எவ கையெழுத்து இருக்குன்னு பாத்தியா? என்னோடது ஒண்ணுகூட கெடையாது."

உண்மைதான். கீழே இருப்பதெல்லாம் என் முத்துமுத்தான கையெழுத்து.

நவம்பர் 1

ஆனது ஆகட்டும் என்று இன்று ஒழுங்காகப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸ் தெருவும் அடுத்த தெருவுமாக நூறு வீடு. மாடி ஏறினேன், பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தேன், பழைய டயரைப் புரட்டினேன். விடிந்து போனவள் இருட்டித்தான் வந்தேன். முப்பத்து நாலு வீட்டில் புழு.

அதில் ஞானம் வீடும் ஒன்று. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தேன். பின்கட்டுத் தொட்டியில் டார்ச் அடிக்கவே வேண்டியதில்லை, தண்ணீர் மினுமினுவென்று நெளிந்தது. அந்தத் தொட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைத் துணி போர்த்தி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பாள், தெருவில் எல்லோருக்கும் அதைத்தான் காட்டுவோம். இன்று துணி தொட்டிமேல் இல்லை. துவைத்து மடித்து அலமாரியில் இருந்தது. வேலை போன வெறுப்பில் விட்டுவிட்டாள் போலிருக்கிறது. தொட்டியைக் கொட்டி, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

இதிலாவது உண்மையை எழுதுகிறேன். ஒன்பதாம் தேதி அந்த வீடு பூட்டியிருக்கவில்லை. பதினாறாம் தேதி மிக்சி ஓடியது அவள் வீட்டில்தான். இருபத்து மூன்றாம் தேதி கதவு பாதி திறந்தே இருந்தது, உள்ளே பியூலா பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஞானத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வேலையை நான் செய்துகொண்டு, நீலக் கோட்டும் டார்ச்சுமாக அவள் வீட்டுக்குள்ளேயே எப்படிப் போய் நிற்பேன்? சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். மூன்று வாரமும் ஓடினேன்.

நவம்பர் 2

பியூலாவுக்கு இருபத்தாறாயிரம். பல் ஈறில் ரத்தமாம்.

எல்லா வார்டு எண்ணும் போகிற வாட்ஸப் குழு ஒன்று உண்டு. மாவட்ட அதிகாரிகள்வரை அதில் இருக்கிறார்கள். எங்கள் எண்ணைக் குத்தாலிங்கம்தான் போடுவார், நான் வெறுமனே பார்ப்பவள். இன்று காலை முப்பத்து நாலு வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் வரிசையாக எழுதினேன். கீழே, இதற்கு முன் அனுப்பிய எண்கள் சரியல்ல, அவற்றை எழுதியவள் நான்தான் என்றும் எழுதினேன். அனுப்பாமல் வைத்திருந்தேன். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது, வீட்டுக்காரருக்கு மாத்திரை கிடையாது. அவரிடம் சொன்னேன். 

"அந்தப் புள்ள இங்க வந்து ஓம் மடியில படுத்துத் தூங்குன புள்ள. அனுப்பிரு" என்றார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அனுப்பிவிட்டேன். அப்புறம் குத்தாலிங்கம் ஒன்பது தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

நவம்பர் 3

விடியும் முன்பே மூன்று வேன். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள். புகை அடித்தார்கள், மருந்து ஊற்றினார்கள், பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் முகாம் போட்டார்கள். காய்ச்சலோடு வந்த நூற்றுப்பத்துப் பேரில் ஒன்பது பேரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நேற்றுவரை இல்லாத நிதி இன்று எந்தப் பானையிலிருந்து கொட்டியதோ.

மாவட்ட அதிகாரி ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். எதையும் மறைக்கவில்லை. ஐந்துக்குக் கீழே எழுதச் சொன்னது யார் என்று கேட்டார், சொன்னேன். எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்றார், இல்லை. குத்தாலிங்கத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ். என்னை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். டார்ச்சையும் கோட்டையும் அதே மேஜையில் வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது.

நவம்பர் 4

பதினோராயிரம். ரத்தத்தட்டு ஏற்றுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 5

வாசல்வரை போனேன். உள்ளே போகிற நர்ஸிடம் கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது என்றாள். சாயங்காலம்வரை சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். ஆண்டவரே, அந்தப் பிள்ளையை விட்டுவிடும், அவள் சாமியோ என் சாமியோ யாராவது கேளுங்கள்.

நவம்பர் 6

பத்தொன்பதாயிரம். ஏறுகிறது. நர்ஸ் சொன்னதும் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதேன். ஸ்டாண்டுக்காரர் ஓரமாய்ப் போய் அழச் சொன்னார்.

நவம்பர் 7

நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனி ஓட முடியாது என்று உள்ளே போனேன்.

கொசுவலைக்குள் பியூலா தூங்கிக்கொண்டிருந்தாள். பாதி உடம்பாகிவிட்டாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஞானம், இந்தப் பக்கம் நான். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. வந்த காரியத்தைச் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி ஞானம், மூணு வாரமும் ஒன் வீட்டுக்குள்ள வராமலே கார்டுல கையெழுத்துப் போட்டேன். நான் வந்து பாத்திருந்தா இந்தப் புள்ள இங்க கெடக்காது."

"தெரியும்க்கா. மூணு தடவையும் சன்னல் வழியாப் பாத்தேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. பார்த்தவள் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். ஞானம் மகளின் காலைப் போர்வைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தொட்டியில புழு கெடந்தது எனக்குத் தெரியும்க்கா. மூடி இருந்த துணிய எடுத்துவச்சதே நாந்தான். வேல போன மறுநாளே எடுத்துட்டேன். ஊரு பூரா பொய் எழுதுனாலும் என் வீட்டுத் தொட்டியில புழுவப் பாத்தா நீ எழுதாமப் போமாட்டன்னு நெனச்சேன். இப்படி நாலு வீடு ஏறுச்சுன்னா கணக்கு ஏறும், திரும்பக் கூப்பிடுவாங்கன்னு. நீ வருவ வருவன்னு ஒவ்வொரு வாரமும் கழுவாம வச்சிருந்தேன். நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருந்த."

எட்டு வருஷம் ஊரெல்லாம் தொட்டி கழுவியவள் இவள். ஒரு தடவை டார்ச் அடித்தால் போதும் என்ற கண் இவளுக்கு. அந்தக் கண்ணால் தினமும் பார்த்து, பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்?

மத்தியானம் நகராட்சியிலிருந்து போன் வந்ததாம். நம் வார்டுக்கு முப்பது பேரை எடுக்கிறார்கள், பழைய ஆட்களுக்கு முதல் உரிமை, நாளைக் காலை ஏழு மணிக்கு வர வேண்டும் என்று. அதைச் சொல்லும்போதுதான் ஞானம் உடைந்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பிள்ளை முழித்துவிடுவாள் என்று நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"நான் நெனச்சபடியே கூப்பிட்டுட்டாங்கக்கா. நான் எப்படிப் போவேன்?"

போ என்றேன். போகாமல் வீட்டில் கிடந்தால் மட்டும் தீர்ந்துவிடுமா? எல்லா வீட்டுக்குள்ளும் போய்ப் பார், கொட்டமாட்டேன் என்கிறவர்களுக்கு நீயே கழுவிக் கொடு, கண்ணில் பட்ட எண்ணை அப்படியே எழுது என்றேன். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குத்தான் வேலை இல்லையே.

நவம்பர் 8

ஆறரை மணிக்கு ஞானம் கிளம்பினாள். கதவுவரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தாள்.

பியூலா எட்டு மணிக்குக் கண் விழித்தாள். முகம் துடைத்து, சாய்த்து உட்கார வைத்தேன். அம்மா எங்கே என்று கேட்டாள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். பிள்ளையின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"மெய்யாவா பெரியம்மா? திரும்ப எடுத்துட்டாங்களா? ஒரு மாசமா அம்மா சாப்பிடவே இல்ல தெரியுமா. சும்மாச் சும்மா பின்கட்டுல போயி அந்தத் தொட்டியவே பாத்துக்கிட்டு நிப்பாங்க. நான்கூட பயந்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்குக் காய்ச்சல் வந்த நேரம் நல்ல நேரம்தான் போல."

ஆமா என்றேன். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு கரண்டி எடுத்து ஊதி, அவள் வாயில் வைத்தேன்.